எடை குறையாத நடை

“மூணு மாசமா ஒருநாள் விடாம நடக்கிறேன். எடை அரைக் கிலோகூட இறங்கல. அப்புறம் எதுக்கு இந்த நடை?”

மாடி வீட்டு சார் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேசையில் போட்டுவிட்டு டீயைக் கையில் எடுத்தார். சர்க்கரை போடாத டீ. அந்த வருத்தமும் முகத்தில் சேர்ந்திருந்தது. 68 வயது. ஆள் ஒல்லி, கையும் காலும் குச்சி, சட்டைக்குள் மட்டும் ஒரு சின்னத் தொப்பை. “பார்டர்ல இருக்கு, நடங்க” என்று டாக்டர் சொன்னதிலிருந்து தெருமுனைப் பூங்காவைத் தினமும் சுற்றிக்கொண்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை. மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுவது பிழைப்பு என்பதால், இந்த மாதிரிக் காகிதங்கள் டீயோடு சேர்ந்து என்னிடம் வந்துவிடும்.

பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். ரேஷன் கார்டு வைக்கும் பையிலிருந்து அக்கா (அவர் மனைவி) அதை எடுத்துவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 118 இருந்தது 109 ஆகியிருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 181, இப்போது 156. மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி 6.3லிருந்து 6.0. ஒரே ஒரு எண் மாறியிருந்தால் அன்றைய சாப்பாடு, தூக்கம், லேப் என்று ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிவிடலாம். மூன்றும் ஒரே திசையில் இறங்கியிருக்கின்றன. நகராமல் நின்றது எடை மட்டும்தான். சாரோ அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்டர் என்பது எது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 100 முதல் 125, இரண்டு மணி நேரக் கணக்கில் 140 முதல் 199, சராசரியில் 5.7 முதல் 6.4. இதைத் தாண்டினால் நீரிழிவு, இதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. இரண்டு மணி நேரக் கணக்கைக் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துப் பார்ப்பதுதான் கறாரான முறை. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கை நீட்டுவது நம் வழக்கம். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி, பார்டரில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி என்று கணக்குச் சொன்னது. சார் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவர்.

“சரி, எனக்கு எதுக்கு வந்துச்சு? நான் என்ன குண்டாவா இருக்கேன்?”

நியாயமான கேள்வி. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 65 கிலோ. பிஎம்ஐ கணக்குப் போட்டால் 22.5 வருகிறது. நம் நாட்டவருக்கு 23ஐ எட்டினால்தான் அதிக எடை என்பார்கள். ஆக, எடை மிஷினின் கண்ணுக்கு அவர் உத்தமர். அக்காவிடம் தையல் டேப் கேட்டேன். சார் சிரித்தார்: “இருபது வருஷமா 34 இன்ச் பேண்ட்தான் போடறேன்!” போடுகிறார், வாஸ்தவம். தொப்பைக்குக் கீழே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போடுகிறார். தொப்பை வளர வளர பெல்ட் இறங்கிவிடும். பேண்ட் அளவு மாறவே மாறாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். சார் முதலில் எக்கினார். இரண்டாம் தடவை 97 சென்டிமீட்டர் வந்தது. 38 இன்ச். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை.

இந்த ஒல்லித் தொப்பைக்கு மருத்துவ இலக்கியத்தில் பிரசித்தமான ஒரு படம் உண்டு. 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் யாஜ்னிக், லண்டனின் ஜான் யட்கின் என்ற இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக் தரப்பு உடற்பயிற்சி, காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது என்று அவர்களே கிண்டலாக எழுதியிருந்தார்கள். சாருக்கு அந்தப் படத்தை போனில் காட்டினேன். யாஜ்னிக்கைப் பார்த்து, “நம்ம ஆளு” என்றார்.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தோலுக்கடியில், தொடையிலும் பிட்டத்திலும் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் சேர்வதுதான் வம்பு. இதற்கு விசித்திரமான ஒரு சாட்சி உண்டு. அதே 2004இல் அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் என்பவரின் குழு, உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தது. ஒவ்வொருவரிடமிருந்தும் சுமார் 10 கிலோ. எடை மிஷினில் பெரிய வெற்றி. சில வாரம் கழித்துச் சோதித்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனில் முன்னேற்றமே இல்லை. பத்துக் கிலோ போயும் ஒன்றும் ஆகவில்லை; சாருக்கு அரைக் கிலோ போகாமலே மூன்று எண்ணும் இறங்கியிருக்கின்றன. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

ரிப்போர்ட்டில் உள்ள முதல் எண்ணை எடுத்துக்கொள்வோம். “ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு சப்பாத்தி. காலையில வெறும் வயிறு. அப்புறம் எங்கேருந்து சார் 118 வருது?” என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். ஈரலிலிருந்து வருகிறது. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். ஈரல் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ‘போதும்’ என்று அதை அடக்கி வைப்பது இன்சுலின். ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டால் அந்தச் சொல் காதில் விழுவதில்லை. தேவைக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கிறது. சாரின் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி இருந்தது. “அது எல்லாருக்கும் இருக்குமாமே” என்றார். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மை. அதனால் பரவாயில்லை என்று எப்படி ஆகும்?

இரண்டாம் எண், சாப்பிட்ட பிறகு பார்ப்பது, பெரும்பாலும் தசையின் கதை. சோறோ இட்லியோ ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும்போது, இன்சுலினின் ஏவலில் அதை வாங்கி வைத்துக்கொள்வதில் பெரும்பங்கு தசைகளுடையது. தசைக்குள் சர்க்கரை நுழைய இரண்டு வழி இருக்கிறது. முன்வாசலைத் திறப்பது இன்சுலின். வயதாக ஆக, கொழுப்புச் சேரச் சேர, அந்தத் தாழ்ப்பாள் இறுகிப்போகிறது. ஆனால் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது அது தானாகத் திறக்கும், இன்சுலினைக் கேட்காது. சர்க்கரையை உள்ளே அழைத்துப்போகும் குளுட்-4 என்ற புரதம், தசை உழைக்கும்போது செல்லின் உள்ளேயிருந்து மேல்விளிம்புக்கு வந்து நிற்கிறது. நீரிழிவு முற்றியவருக்கும் இந்தக் கதவு வேலை செய்யும். அதைவிட நல்ல சேதி, நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு முன்வாசல் தாழ்ப்பாளும் இலகுவாகிவிடும். அந்த இளக்கம் அதற்குள் தீர்ந்துவிடும் என்பதால்தான், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதீர்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற ஆறு நாள் நாற்காலியில் உட்காருவது இங்கே செல்லாது.

நடக்க நடக்க உள்வயிற்றுக் கொழுப்பும் கரைகிறது, மொத்த எடை அசையாவிட்டாலும். இதைக் கோபன்ஹேகனில் அழகாக நிரூபித்தார்கள். தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. இன்னொரு குழுவும் அதே அளவு மிதித்தது, ஆனால் உழைக்கும் தசை வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொழுப்பு குறையவில்லை. 2019இல் வந்த ஆய்வு இது. தசை வெறுமனே எரிபொருளைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தொலைவில் இருக்கும் கொழுப்புக்குத் தாக்கீது அனுப்புகிறது.

“அப்ப எடை ஏன் குறையல?” சார் விடுகிறவர் இல்லை. அரை மணி நேர நடை எரிக்கும் கலோரி அவ்வளவு பெரிதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. நடையின் வேலை வேறு.

சென்னையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. பார்டரில் இருந்த 531 பேர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, சோற்றிலும் இனிப்பிலும் எண்ணெயிலும் கட்டுப்பாடு என்று கூடவே நின்று வழிநடத்தப்பட்டவர்களில் 39 பேருக்கு. இவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: அதில் சேர்ந்தவர்கள் 35 முதல் 55 வயதுக்காரர்கள், சாரின் வயது இல்லை. வயதானவர்களுக்குச் சாட்சி அமெரிக்காவிலிருந்து வருகிறது. 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட நடை, அளவான சாப்பாடு, கொஞ்சம் எடைக் குறைப்பு என்று இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 31. அறுபது தாண்டியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் நடைக்கட்சிக்கு 71 சதவீதம். மாத்திரை அந்த வயதில் பெரிதாக எடுபடவில்லை. “இந்த வயசுல நடந்து என்ன ஆகப்போகுது” என்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். அந்த அமெரிக்கர்களுக்கு எடையும் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குண்டாக இருப்பவர் எடையைக் கவனிக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் வயதானவர் எடையைக் குறைக்கிற விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சாரே அதில் கால் வைக்கப் பார்த்தார். “நாளையிலேருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடறேன், ஒரு டம்ளர் மோர் போதும்” என்றார். அக்கா என்னைப் பார்த்தார்.

முப்பது வயதுக்குப் பிறகே தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். காய்ச்சல், ஆபரேஷன் என்று படுத்தால் கேட்கவே வேண்டாம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. சர்க்கரையை வாங்கி வைக்கும் இடமே சுருங்கிவிட்டால் சாப்பிட்ட பின் வரும் எண் ஏறத்தானே செய்யும்? வெறும் பட்டினியில் எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகிறது. 65 தாண்டிய, உடல் பருமன் உள்ள 107 பேரை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வில் (2011), சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் கொழுப்பில்லாத உடல் எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள்; சாப்பாட்டைக் குறைத்ததோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் 3 சதவீதம். நடமாட்டத்தில் அதிகம் தேறியதும் இந்த இரண்டாம் கூட்டம்தான். சாரைப் போன்ற ஒல்லி ஆள் பட்டினி கிடந்தால், மிஷின் எண் இறங்கும், சந்தோஷமாக இருக்கும். போனது எது என்று மிஷின் சொல்லாது.

அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் சார், மாற்றுங்கள் என்றேன். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். சாருக்கு 65 கிராம். அவர் தட்டில் அது எங்கே இருக்கிறது என்று தேடினோம். காலையில் இட்லி, ஒன்றுக்கு இரண்டு கிராம் தேறினால் அதிகம். மதியம் சாம்பார், அதுவும் தண்ணீராக. முட்டை சாப்பிட மாட்டார், சாப்பிட்டால் ஒன்றில் 6 கிராம் கிடைக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப், கெட்டிப் பருப்பு, தயிர், பனீர் என்று அக்கா ஒரு கணக்குப் போட்டார். பிஸ்கட் டப்பா இருந்த இடத்துக்கு வறுத்த கடலை வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. இதைத்தான் நம்மூரில் யாரும் சொல்வதில்லை. எந்தக் கிளினிக்கிலும் ‘வாக்கிங் போங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தசைக்குச் சுமை வேண்டும். 90 வயதை ஒட்டியவர்களுக்குக்கூட அது பலிக்கும் என்று காட்டியவர் மரியா ஃபியாடரோன். 1990இல் அவர் வெளியிட்ட ஆய்வு பாஸ்டன் நகரின் முதியோர் மருத்துவமனை ஒன்றில் நடந்தது. பத்துப் பேர் சேர்ந்தார்கள், ஒன்பது பேர் முடித்தார்கள். எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி. கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

சாரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைகிறது என்று அர்த்தம். அவருக்கு 17 ஆனது. பூங்காவைத் தினம் சுற்றும் மனிதர்! அப்புறம் சொன்னது இவ்வளவுதான். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு பத்து. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்குவது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, பி.பி. எகிறும். சுலபமாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். வருடக்கணக்கில் அதே ஒரு லிட்டர் பாட்டிலோடு நின்றுவிட்டால் பலனும் அங்கேயே நின்றுவிடும்.

நடையிலும் ஒரு மாற்றம் சொன்னேன். காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதும், மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி கழித்து 15 நிமிடம் நடப்பதும் ஒன்றா? அறுபது தாண்டிய பத்துப் பேரை வைத்து 2013இல் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான். மொத்தத்தில் இரண்டு முறையும் சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அடக்கியதில் சாப்பாட்டுக்குப் பின் நடந்த நடையே ஜெயித்தது. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு சீரியல் பார்த்துக்கொண்டே ஒன்பதரைக்கு, அப்படியே படுக்கை. மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்துவிட்டுப் படுத்தால் அந்த எண்ணில் தெரியும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, புதிதாக உடற்பயிற்சி தொடங்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடச் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு கனத்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது உட்பட. கொப்புளம் வந்தது மறுநாள்தான் தெரியும்.

“என்னை யாரும் அளக்கலியே” என்றார் அக்கா. 62 வயது. அளந்தால் 89 சென்டிமீட்டர். மாதவிடாய் நின்ற பிறகு, தொடையில் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்கும். எடை அதேதான் இருக்கும், புடவைக் கொசுவம் மட்டும் மேலே ஏறும். “வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?” என்றார். ஒரு காலத்தில் இருந்தது. குடம் தூக்கி, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, துணி துவைத்த உடம்புக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. இப்போது கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டன. அடுப்பங்கரையில் மூன்று மணி நேரம் நிற்பதில் கால் வலிக்கும், தசை வளராது.

“எனக்கு முட்டி வலி. எழுந்து உட்கார முடியாது.”

நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினோம். முட்டி அதிகம் மடங்காமல் ஐந்து முறை எழுந்தார். நான்கைந்து வாரத்தில் ஒரு தலையணையை எடுத்துவிட வேண்டும், அப்புறம் மற்றதை. தொடைத் தசை பலப்பட்டால் முட்டிக்கும் அது தாங்கல். செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாக இருந்தால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வீங்கினால் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம். சாரின் அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான். அக்காவை நாளைக் காலை வெறும் வயிற்றோடு லேப்புக்குக் கூட்டிப்போவதாகச் சார் ஒப்புக்கொண்டார்.